குளிர் அறை வாங்கினால் மட்டும் போதுமா? உணவகங்கள் அறிய வேண்டியவை

கழக்கூட்டம் (திருவனந்தபுரம்): கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தின் வடபகுதியில், தேசிய நெடுஞ்சாலை 66-இல் அமைந்துள்ளது கழக்கூட்டம். இங்கு 1990-ஆம் ஆண்டு டெக்னோபார்க் தொடங்கப்பட்டது. அதன் ஊழியர்களையும் நெடுஞ்சாலைப் பயணிகளையும் நம்பி இயங்கும் உணவகங்களும் விடுதிச் சமையற்கூடங்களும் இறைச்சி, மீன், பால், காய்கறி ஆகியவற்றை நாள்தோறும் இருப்பு வைக்க வேண்டியுள்ளது. சாதாரண குளிர்பதனப் பெட்டி போதாத நிலையில், வாக்-இன் கூலர் எனப்படும் குளிர் அறை தேவைப்படுகிறது.

கடந்த 2022-ஆம் ஆண்டு மே மாதம், காசர்கோடு மாவட்டம் செருவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி ஒருவர் உயிரிழந்தார். பலர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர். 2023-ஆம் ஆண்டு ஜனவரியில், பச்சை முட்டையில் தயாரிக்கப்படும் மயோனைசுக்குக் கேரள அரசு தடை விதித்தது. பார்சல் உணவின் மீது தயாரித்த நேரத்தையும், எந்த நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பதையும் குறிப்பிட வேண்டும் எனவும் உத்தரவிட்டது. உணவுப் பாதுகாப்பில் நேரமும் வெப்பநிலையும் எவ்வளவு முக்கியம் என்பதை இந்த விதி உணர்த்துகிறது.

குளிரின் எல்லை

குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. அவை பெருகுவதைத் தாமதப்படுத்துகிறது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையே ஆபத்தான இடைவெளி. எனவே குளிர் அறையை 2 முதல் 4 டிகிரியிலும், உறைநிலை அறையை மைனஸ் 18 டிகிரியிலும் வைத்திருப்பது நல்லது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் போதிய குளிரின்றி இருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். பின்னர் எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது.

அளவைத் தீர்மானித்தல்

அறையின் பரப்பளவை மட்டும் பார்த்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது பொதுவான தவறு. நாளொன்றுக்கு உள்ளே வரும் பொருளின் எடை, அதன் வெப்பநிலை, கதவு திறக்கப்படும் எண்ணிக்கை, வெளி வெப்பம் ஆகியவற்றையும் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 50 லிட்டர் சாம்பாரை 60 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3 கிலோவாட் மணி அளவுள்ள வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். பெரிய அண்டாவின் நடுவிலிருந்து அந்த வெப்பம் மிக மெதுவாகவே வெளியேறும். அதற்குள் அருகிலுள்ள பாலும் மீனும் சூடாகிவிடும். ஆகவே சமைத்த உணவை ஆழமற்ற தட்டுகளில் பிரித்து, பனிக்கட்டி நீரில் வைத்து ஆற்றிய பின்னரே உள்ளே வைக்க வேண்டும்.

சுவரும் கதவும்

பாலியூரித்தேன் நுரை நிரப்பிய பேனல்களே சுவராகப் பயன்படுகின்றன. குளிர் அறைக்கு 60 முதல் 80 மில்லிமீட்டர் தடிமனும், உறைநிலை அறைக்கு 100 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தடிமனும் வழக்கம். கதவில் இறுக்கமான ரப்பர் கேஸ்கட்டும் பிளாஸ்டிக் திரையும் இருக்க வேண்டும். உள்ளே சிக்கிக்கொண்டவர் தாமே திறக்கும் வகையில் உட்புறக் கைப்பிடி இருப்பது கட்டாயத் தேவை.

கழக்கூட்டம் அரபிக்கடலுக்கு அருகில் இருப்பதால், உப்புக் காற்று கண்டென்சரின் அலுமினியத் தகடுகளை அரிக்கக்கூடும். அரிப்பைத் தடுக்கும் பூச்சுள்ள கண்டென்சரைத் தேர்ந்தெடுத்து, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் நிறுவ வேண்டும்.

குளிரூட்டும் வாயுவையும் கேட்டறிவது நல்லது. ஓசோன் படலத்தைப் பாதிக்கும் ஆர்-22 வாயுவை இந்தியா படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. பரவலாகப் பயன்படும் ஆர்-404ஏ வாயு, கரியமில வாயுவைப் போல் 3,900 மடங்குக்கும் அதிகமாகப் புவியைச் சூடாக்கக்கூடியது. இவ்வகை வாயுக்களைக் குறைக்க வகைசெய்யும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது.

பராமரிப்பு

கண்டென்சரில் படியும் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மாதம் ஒருமுறை அகற்ற வேண்டும். தவறினால் மின் கட்டணம் உயரும். கம்ப்ரசரும் விரைவில் பழுதாகும். உட்புறக் குளிரூட்டும் குழாய்களில் பனி படிந்தால் குளிர் குறையும். எனவே பனியுருக்கும் அமைப்பையும், நீர் வடியும் குழாயையும் வாரந்தோறும் கவனிக்க வேண்டும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, அது எளிதாக உருவ வந்தால் கேஸ்கட்டை மாற்ற வேண்டும்.

பச்சை இறைச்சியும் மீனும் கீழ்த்தட்டிலும், உண்ணத் தயாரான உணவு மேல்தட்டிலும் இருக்க வேண்டும். எதையும் தரையில் வைக்கக் கூடாது. சுவரை ஒட்டி அடுக்கினால் காற்றோட்டம் தடைபடும்.

மழைக்கால மின்தடைக்கு ஜெனரேட்டர் அவசியம். அது இல்லாதபோது கதவைத் திறக்காமல் இருப்பதே முதல் தற்காப்பு. மின்சாரம் திரும்பியதும் காட்டும் பலகையை மட்டும் நம்பாமல், உணவின் வெப்பநிலையைத் தனி வெப்பமானியால் அளக்க வேண்டும். மீன், இறைச்சி, பால் ஆகியவை 5 டிகிரிக்கு மேல் எவ்வளவு நேரம் இருந்தன என்பது தெரியாவிட்டால் அவற்றை அப்புறப்படுத்துவதே பாதுகாப்பு.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. கதவருகே ஒரு வெப்பமானியும் ஒரு பதிவேடும் போதும். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் வெப்பநிலையைக் குறித்து, குறித்தவர் கையொப்பமிட்டால், பழுது பெரிதாகும் முன்பே தெரிந்துவிடும்.