ராணுவக் கொட்டகையிலிருந்து வந்த மருத்துவமனை

1873 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வணிகர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் காலமானார். திருமணம் செய்துகொள்ளாதவர். மொத்த மளிகை வியாபாரத்திலும் ரயில்வே பங்குகளிலும் சேர்த்த சொத்தில் 70 லட்சம் டாலரை ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மருத்துவமனைக்கும் சரிபாதியாக எழுதிவைத்திருந்தார். அதே ஆண்டு மார்ச் மாதம் அறங்காவலர்களுக்கு எழுதிய கடிதத்தில் தம் விருப்பத்தையும் சொல்லியிருந்தார். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உள்ள எந்த மருத்துவமனைக்கும் இது குறைந்ததாக இருக்கக் கூடாது. ஏழை நோயாளிகளை நிறமோ வயதோ ஆண், பெண் பேதமோ பாராமல் இலவசமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். செவிலியர் பயிற்சிப் பள்ளி வேண்டும். பின்னால் வரப்போகும் மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவமனை ஓர் அங்கமாக வேண்டும்.

பணம் இருந்தது, இடம் இருந்தது. எப்படிக் கட்டுவது என்றுதான் தெரியவில்லை. அறங்காவலர்கள் ஐந்து மருத்துவர்களிடம் யோசனை கேட்டார்கள். வந்த ஐந்து கட்டுரைகளும் 1875-இல் புத்தகமாக வெளிவந்தன. மறு ஆண்டு அவர்கள் ஆலோசகராகத் தேர்ந்தெடுத்தது ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற ராணுவ மருத்துவரை. அப்போது அவருக்கு வயது 38.

பில்லிங்ஸுக்கு இந்தப் பாடம் போரில் கிடைத்தது. 1860-இல் ஒஹாயோவில் மருத்துவப் பட்டம் வாங்கிய மறு ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. ஜார்ஜ்டவுனில் குதிரைப்படைக் குடியிருப்பு ஒன்றை மருத்துவமனையாக மாற்றும் பொறுப்பு அந்த இளைஞரிடம் வந்தது. பிறகு பிலடெல்பியாவில், மரக் கொட்டகைகளை வரிசையாகக் கட்டி ஆயிரக்கணக்கான படுக்கைகள் போட்டிருந்த சாட்டர்லி ராணுவ மருத்துவமனையில் நிர்வாகப் பணி. 1863-இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் நூற்றுக்கணக்கான காயம்பட்டவர்களுக்கு நடுவில் அறுவை சிகிச்சை.

அந்தப் போரில் குண்டுக்குப் பலியானவர்களைவிட நோய்க்குப் பலியானவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தக் கணக்கைப் பார்த்த ராணுவ மருத்துவர்கள், கத்தியும் மருந்தும் மட்டும் போதாது என்பதைக் கண்டார்கள். படுக்கைக்கும் படுக்கைக்கும் எவ்வளவு இடைவெளி, காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகிறது, கழிவுநீர் எங்கே சேர்கிறது என்பவையும் உயிரைத் தீர்மானித்தன. போருக்குப் பின் தலைமை ராணுவ மருத்துவர் அலுவலகத்தில் இருந்த பில்லிங்ஸ், 1870-இல் நாடு முழுதும் உள்ள படைக் குடியிருப்புகளையும் மருத்துவமனைகளையும் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். சிப்பாய்கள் எப்படி நெரிசலில், காற்றில்லாமல் கிடக்கிறார்கள் என்று அதில் தம் சொந்தத் துறையையே சாடினார். அறங்காவலர்கள் அவரைத் தேடிப்போனதற்கு இந்த அறிக்கை தந்த பெயரும் ஒரு காரணம்.

பால்டிமோர் திட்டத்தின் ஆதாரம் போர்க்காலக் கொட்டகைதான். மரத்துக்குப் பதில் செங்கல் வந்தது. ஒவ்வொரு வார்டும் தனிக் கட்டடம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறவர் இடையில் வெளிக்காற்றைக் கடந்தே போக வேண்டும். ஒரு வார்டின் காற்று அடுத்த வார்டுக்குள் புகக் கூடாது என்பதே நோக்கம். வார்டின் அடித்தளத்தில் வெந்நீர்க் குழாய்ச் சுருள்கள். வெளிக்காற்று அவற்றின் மேல் பட்டுச் சூடேறி மேலே வரும். உள்ளே அழுக்கடைந்த காற்று தனிப் பாதையில் இழுக்கப்பட்டுப் புகைபோக்கி வழியாக வெளியேறும்.

கட்டி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. மூலதனத்தைத் தொடாமல் வருமானத்தைக் கொண்டே கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. இதற்குள் மருத்துவமே மாறிவிட்டது. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்ற நம்பிக்கையில் வரைபடம் போட்டார்கள். 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். 1889 மே 7 அன்று கதவு திறந்தபோது கட்டடத்தின் தத்துவம் பழையதாகியிருந்தது. ஆனாலும் நெரிசலின்மையும் சுத்தமும் கிருமிக்கும் எதிரிகள்தான். காரணம் தவறாக இருந்தும் மருந்து வேலை செய்தது.

கட்டடத்தைவிட நீண்ட நாள் நிலைத்தது பில்லிங்ஸ் சேர்த்த ஆட்கள். 1888-இல் பிலடெல்பியாவில் வில்லியம் ஆஸ்லரின் அறைக்கு வந்தவர், உட்காரக்கூட இல்லை. பொது மருத்துவத் துறையை ஏற்கிறீர்களா என்று கேட்டார். ஆஸ்லர் சம்மதித்தார். விவரங்களை நோயியல் பேராசிரியர் வில்லியம் வெல்ச்சிடம் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பட்டம் பெற்ற இளம் மருத்துவர் மருத்துவமனையிலேயே தங்கி, ஆண்டுக்கணக்கில் படிப்படியாகப் பொறுப்பேற்றுக் கற்கும் ரெசிடென்ட் முறையை ஆஸ்லரும் அறுவை சிகிச்சை நிபுணர் ஹால்ஸ்டெடும் அங்கே வேரூன்றச் செய்தார்கள். 1893-இல் மருத்துவக் கல்லூரி திறந்தது. மேரி காரெட் என்ற செல்வந்தப் பெண் நிதி கொடுத்து விதித்த நிபந்தனையால், பெண்களும் ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்கப்பட்டார்கள். நம்மூர் மருத்துவக் கல்லூரி வார்டுகளில் இரவு முழுக்க விழித்திருக்கும் முதுகலை மாணவர்களின் பயிற்சி முறைக்கும் இந்தப் பரம்பரையில் பங்குண்டு.

இத்தனையும் பில்லிங்ஸ் ராணுவ வேலையை விடாமலே செய்தவை. பகலில் ராணுவ மருத்துவ நூலகத்தை வளர்த்தார். இன்று மருத்துவர்கள் தேடும் பப்மெட்டின் மூதாதையான ‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ பட்டியலை 1879-இல் தொடங்கினார். 1895-இல் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று நியூயார்க் பொது நூலகத்தின் முதல் இயக்குநரானார். 1913-இல் மறைந்தார்.

மருத்துவமனைத் தலைமை என்றால் சிறந்த மருத்துவரை நாற்காலியில் உட்காரவைப்பது என்றே இன்றும் பலர் நினைக்கிறார்கள். காற்றோட்டம், சாக்கடை, பதிவேடு, ஆள் தேர்வு ஆகிய நான்கையும் சிகிச்சையாகவே பார்க்கத் தெரிந்தவர் அதற்கு வேண்டும். பில்லிங்ஸ் அப்படிப்பட்டவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு அவர் ஒரு நாளும் கண்காணிப்பாளராக இருந்ததில்லை. ஆனால் அதன் குவிமாடம் தாங்கிய நிர்வாகக் கட்டடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.