சூதானம் பிறந்த கதை

மதுரைப் பக்கம் பஸ் ஏறுகிற பிள்ளையிடம் "சூதானமாப் போயிட்டு வாய்யா" என்பார்கள். கேட்டவுடன் சூதுதான் நினைவுக்கு வரும். சூதுவாது தெரிந்தவன்தானே வெளியூரில் பிழைப்பான் என்று பொருளும் சொல்லிவிடலாம். ஆனால் இந்தச் சொல் பிறந்த வீடு வேறு.

வடமொழியில் 'அவதானம்' என்றால் மனத்தை ஒன்றின்மேல் இருத்துவது. முன்னால் ஒரு 'ச' சேர்ந்தால் 'சாவதானம்', அதாவது அந்தக் கவனத்தோடு இருப்பது. நம்மூர்ப் புலவர்கள் அவதானத்தை ஒரு வித்தையாகவே வளர்த்தார்கள். முதுகில் வந்து விழும் பொருள்களை எண்ணிக்கொண்டே, கேட்ட ஈற்றடிக்கு வெண்பாவும் கட்டவேண்டும். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியின் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் இப்படி நூறு கவனகம் செய்துகாட்டி 'சதாவதானி' ஆனார்.

மராட்டியர் சாவதானத்தைக் கல்யாண மேடையில் ஏற்றினார்கள். முகூர்த்த நேரத்தில் புரோகிதர் 'சாவதான்' என்று முழங்குவார். சமர்த்த ராமதாசர் சிறுவயதில் மணவறையில் அதைக் கேட்டதும் எழுந்து ஓடித் துறவியானார் என்று அங்கே ஒரு கதை உண்டு. எச்சரிக்கையை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட மாப்பிள்ளை வேறு யாரும் இருக்க முடியாது. அணிவகுப்பில் 'அட்டென்ஷன்' என்பதற்கு இந்தியிலும் இதே சொல்தான். என்.சி.சி.யில் இந்தி ஆணைச் சொற்கள் வேண்டாம் என்று 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டபோது 'சாவ்தான்' வாசலில் தடுக்கப்பட்டது. அதன் உடன்பிறப்போ எப்போதோ கொல்லைப்புறமாக வந்து, தெற்கத்தி வீடுகளில் பாட்டிமார் வாயில் உட்கார்ந்திருந்தது. சாவதானம் பேச்சில் தேய்ந்து சுருங்கித்தான் சூதானம்.

தேயாமல் நின்ற மூத்தது என்ன ஆனது என்பதுதான் வேடிக்கை. "மணி பத்தரைக்குச் சாவதானமாக வந்து சேர்ந்தார்" என்று எழுதினால், அவர் விழிப்போடு வந்தார் என்று யாரும் படிக்கமாட்டார்கள். ஆற அமர வந்தார் என்பதே பொருள். கவனமாக நடப்பவன் அவசரப்படுவதில்லை. அந்த அவசரமின்மை மட்டும் சொல்லில் தங்கி, கவனம் கழன்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

இலங்கைத் தமிழரிடம் 'அவதானம்' இன்னும் முழு விறைப்போடு இருக்கிறது. மழை வெள்ளக் காலத்தில் தாழ்நில மக்களை 'அவதானமாக இருக்குமாறு' செய்திகள் கேட்டுக்கொள்ளும். உற்றுநோக்கலுக்கும் அங்கே 'அவதானிப்பு'தான்.

சூதானத்துக்கு அந்த அலுவலக முறைப்பு கிடையாது. பள்ளம் பார்த்து நடப்பது மட்டும் சூதானம் ஆகாது. யாரிடம் எவ்வளவு பேசுவது, பணத்தை எந்தப் பையில் வைப்பது, எந்தக் கையெழுத்தைப் போடாமல் நழுவுவது எல்லாம் அதற்குள் அடக்கம். பிறப்பில் இல்லாத சூது, வளர்ப்பில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.