பொற்கலமும் கண்ணாடிக் கோப்பையும்: திராட்சை மதுவுக்கான கலத்தேர்வு பற்றிப் புதுக்கோட்டை வட்டாரச் சான்றுகள்

புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, அதை உண்டு மகிழ்ந்திருக்குமாறு சொல்கிறார். இப்பாடல் யவன வணிகத்துக்குச் சான்றாகப் பலமுறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. பொற்கலமோ அரசச் செல்வத்தின் அடையாளம் என்ற அளவோடு விடப்பட்டுவிடுகிறது. அந்தக் கலம் அந்த மதுவுக்குப் பொருளளவிலும் ஏற்றது என்பது இக்கட்டுரையின் வாதம். இதை ஏற்றால், ஒவ்வொரு திராட்சை வகைக்கும் தனித்தனிக் கோப்பை வேண்டும் என்ற இக்காலக் கொள்கையையும் வேறு கோணத்தில் எடைபோட முடியும்.

மதுவைவிடப் பொன் நமக்கு அருகில் கிடைக்கிறது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜி. எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். வெஸ்பாசியன் காலம் வரையிலான அக்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு விழுந்திருக்கிறது. வெட்டின் காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் முகம் சிதைந்த காசையும் ஒருவர் பத்திரமாகச் சேர்த்துவைத்திருக்கிறார்; முத்திரையைவிட உலோகத்தின் எடையே அவருக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வந்த பொருள்களைப் பட்டியலிடும் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் காசை முதன்மையாகச் சொல்கிறது. மது அளவாகவே வந்தது என்கிறது. அரிதாக வந்த பானம் ஊரில் மிக உயர்ந்த உலோகத்தில் ஊற்றப்பட்டதில் வியப்பில்லை.

மதிப்பு மட்டும்தான் காரணமா? புளியில் இருக்கும் அதே டார்டாரிக் அமிலம்தான் திராட்சை மதுவிலும் முதன்மையானது. புளிக்குழம்பை ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது என்பதைப் புதுக்கோட்டைப் பக்கத்து எந்தச் சமையற்கட்டிலும் சொல்வார்கள். வைத்தால் களிம்பேறும், ருசி கெடும். செம்பு, வெண்கலக் கலங்களில் திராட்சை மதுவுக்கும் இதுவே நேரும். வெறும் மண்கலத்தில் நேர்வது வேறு: அதன் நுண்துளைகள் பானத்தை உறிஞ்சும், முன்பு ஊற்றியதன் வாடையை அடுத்ததற்குக் கொடுக்கும். யவனர் தம் ஆம்போரா ஜாடிகளின் உட்புறத்தில் பிசின் பூசியது இதனால்தான். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வு முதல் கிடைத்துவரும் ஆம்போரா ஓடுகளை எலிசபெத் லைடிங் வில் விரிவாக ஆராய்ந்தார். அவற்றில் பெரும்பகுதி மது கொண்டுவந்தவை. அப்படிக் காத்துக் கொண்டுவந்ததை, தன்னிடமிருந்து எதையும் கொடுக்காத கலத்தில்தான் கடைசியில் ஊற்ற வேண்டும். அன்று கைக்கெட்டிய பொருள்களில் அதற்குப் பொன்னைவிட ஏற்றது இல்லை.

இதற்கு எதிரான சான்றும் உண்டு. பொருநராற்றுப்படையில் கரிகாலன் மனையில் மகளிர் பொற்கலம் நிறையத் திரும்பத் திரும்ப வார்க்கிறார்கள். அது யவனர் மது என்று அங்கே குறிப்பில்லை. எனவே பொற்கலம் மதுவின் வகையைவிட விருந்தோம்புபவரின் தகுதியைக் காட்டுகிறது என்று வாதிடலாம். அதில் உண்மை உண்டு. ஆயினும் மதிப்பும் பொருத்தமும் ஒரே கலத்தில் சேரக் கூடாது என்று விதி இல்லை. பொன்னுக்கு ஒரு குறையும் உண்டு: வெப்பத்தை விரைவாகக் கடத்தும், கைச்சூடு பட்டதும் குளிர்ந்த மது சூடாகிவிடும். திரும்பத் திரும்ப வார்க்கும் வழக்கம் இக்குறைக்கு ஈடாகவும் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

மதிப்பும் பொருத்தமும் சேர்ந்தே விதியான இடம் ஒன்று இதே மாவட்டத்தில் இன்றும் இருக்கிறது. மதுரை மிஷன் சேசு சபையினர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றிய ஆவூரில், மற்றக் கத்தோலிக்க ஆலயங்களைப் போலவே, திருப்பலிக்கு ஊற்றப்படுவது கலப்படமற்ற திராட்சை இரசம். அதில் குருவானவர் சிறிது நீர் சேர்க்கிறார். கிண்ணம் திரவத்தை உறிஞ்சாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். துருப்பிடிக்கும் உலோகமோ பொன்னினும் தாழ்ந்த உலோகமோ என்றால் பொதுவாக உட்புறம் பொன்முலாம் பூசப்பட வேண்டும். எளிதில் உடையும் கண்ணாடியும் மண்ணும் கூடாது என்று 2004இல் ரோம் மீண்டும் வலியுறுத்தியது. காரணம் இறையியல்தான், சுவையன்று. ஆயினும் மது தொடும் பரப்பு பொன்னாக இருக்க வேண்டும் என்பதில் நன்மாறனின் அவையும் இந்தப் பலிபீடமும் ஒன்றுபடுகின்றன.

மதுவுக்குத் தன்னிடமிருந்து எதையும் கொடுக்காமல் இருக்கும் வேலையைக் கண்ணாடி பொன்னின் விலை இல்லாமல் செய்கிறது. அதற்குமேல் வடிவம் சேர்ப்பது என்ன? ஆஸ்திரியாவின் ரீடல் நிறுவனம் 1973இல் திராட்சை வகைக்கொரு கோப்பை என்ற வரிசையைக் கொண்டுவந்தது. கோப்பையின் விளிம்பு மதுவை நாக்கின் குறிப்பிட்ட பகுதிக்குச் செலுத்தி, இனிப்பையோ புளிப்பையோ எடுத்துக்காட்டும் என்ற விளக்கம் இத்துறையில் வெகுகாலம் ஓடியது. இதை ஏற்க முடியாது. நாக்கில் சுவைக்கொரு பகுதி இருப்பதாகக் காட்டும் வரைபடம், 1901இல் ஹேனிக் கண்ட மிகச் சிறிய வேறுபாடுகளை 1942இல் போரிங் வரைந்த விதத்திலிருந்து பிறந்த பிழை. மது மதிப்பீட்டுக்கென 1977இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3591 தரமும் எல்லா வகைக்கும் ஒரே கோப்பையைத்தான் வகுத்தது: கொள்ளளவு சுமார் 215 மில்லி, மேலே குறுகிய வாய்.

குறுகிய வாய்க்குச் சான்று இருக்கிறது. 2015இல் டோக்கியோவில் மித்சுபயாஷி குழுவினர் கோப்பைக்கு மேலே ஆல்கஹால் ஆவி பரவுவதைப் படமெடுத்தனர். 13 டிகிரி செல்சியஸில் ஒயின் கோப்பையில் ஆவி விளிம்பையொட்டி வளையமாக நின்றது. நடுவில் குறைவாக இருந்தது. அங்கே மூக்கை வைத்தால் ஆல்கஹாலின் காரம் மறைக்காமல் மணம் தெரியும். அகன்ற மார்ட்டினி கோப்பையிலும் நேரான டம்ளரிலும் அந்த வளையம் இல்லை. நுரைக்கும் மதுவிலும் வாயின் அகலம் பொருட்படுத்தத் தக்கது: அகன்ற கிண்ணத்தைவிடக் குறுகிய நீள்கோப்பையின் வாய்க்கு மேலே கரியமில வாயு செறிவாக நிற்பதை ரீம்ஸ் நகரில் லிஜெ-பெலேர் அளந்து காட்டினார்.

டோக்கியோ ஆய்வில் நமக்கு முக்கியமானது வேறொரு முடிவு: 25 டிகிரியில் அதே கோப்பையில் வளையம் தோன்றவில்லை. சித்திரை வெயிலில் புதுக்கோட்டையில் அறைச்சூடு அதைவிட வெகு அதிகம். ஐரோப்பிய நூல்கள் சிவப்பு மதுவுக்குப் பரிந்துரைக்கும் பெரிய வயிற்றுக் கோப்பையில் ஊற்றினால் பரப்பு அகன்று பானம் சீக்கிரம் சூடேறும். வடிவத்தின் பயனும் போய்விடும். நம் தட்பவெப்பத்துக்கு மெல்லிய விளிம்பும் குறுகிய வாயும் கொண்ட நடுத்தரக் கோப்பை ஒன்று சிவப்புக்கும் வெள்ளைக்கும் போதும். காம்பைப் பிடித்துக் குடிக்க வேண்டும், கொஞ்சமாக ஊற்ற வேண்டும். நுரைக்கும் வகைக்கு மட்டும் குறுகலான இன்னொன்று வைத்துக்கொள்ளலாம்.

கள்ளுக்கும் அரிசியில் வடித்த தோப்பிக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. நொதித்துக்கொண்டே இருக்கும் அவற்றுக்கு அகன்ற வாய் கொண்ட, மண்டை என்னும் மண்கிண்ணம்தான் இயல்பு: நுரை அடங்க இடமுண்டு, ஓரிரு மடக்கில் முடிவதால் மண் உறிஞ்சினாலும் பெரிய இழப்பில்லை. ஆகவே சங்க கால வாழ்விடங்களில் கிடைக்கும் கிண்ண ஓடுகளைப் பானத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். புதுக்கோட்டை அருகே பொற்பனைக்கோட்டையில் 2023இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அங்கும் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்திலும் உள்ள ஓடுகளுக்கு வாய் விட்டம், சுவர்த் தடிமன், உட்பூச்சு ஆகிய மூன்றையும் தனியே அளந்து பதிய வேண்டும். ஐயத்துக்குரியவற்றில் டார்டாரிக் அமில எச்சத்தைத் தேட வேண்டும். கழுவி எண்ணிட்ட ஓட்டில் எச்சம் மாசுபட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், புதிதாக வெளிப்படும் ஓடுகளில் சிலவற்றையேனும் கழுவாமல் தனியே எடுத்துவைக்க வேண்டும்.