பாலத்துச் சங்கிலியில் தொங்கியவர்கள்

லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஓர் ஓவியம் இருக்கிறது. படகுப் போட்டி நாளன்று ஹாமர்ஸ்மித் பாலம் எப்படி இருந்தது என்பதுதான் அதன் விஷயம். பாலத்தின் நடைமேடை நிரம்பி வழிகிறது. இடம் கிடைக்காதவர்கள் பாலத்தைத் தாங்கும் சங்கிலிகளில் ஏறி, காக்கைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தன் சறுக்கினால் நேராகத் தேம்ஸ் நதிதான். போட்டி ஓவியம் என்று சொல்லிக்கொண்டு பார்க்கப் போனால் கண் படகுக்குப் போகவே மாட்டேன் என்கிறது. பார்க்க வந்த ஜனங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

வரைந்தவர் வால்டர் கிரீவ்ஸ். செல்சியில் படகு கட்டிப் பிழைத்த குடும்பத்துப் பையன். ஓவியர் டர்னரைப் படகில் வைத்து ஓட்டிப்போனவர் அவருடைய அப்பா. ஓவியர் விஸ்லருக்குப் படகோட்டியவர்கள் வால்டரும் அவருடைய அண்ணனும். இந்தப் படத்தைத் தன் பதினாறாவது வயதில், 1862 வாக்கில், வரைந்ததாகப் பின்னாளில் அவர் சொன்னார். அந்த வயதில் இவ்வளவு வருமா என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். இருக்கட்டும். இந்தப் போட்டியின் படங்கள் ஏராளம். ஆற்றில் துடுப்புப் போட்டுப் பிழைத்த ஒருவரின் கையால் வந்த படம் என்பதால் இதை என்னால் எளிதில் தாண்டிப் போக முடியவில்லை.

போட்டியைப் பற்றிச் சுருக்கமாக. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதிக்கொள்ளும் வருடாந்தரப் படகுப் போட்டி. ஹாரோ பள்ளியில் ஒன்றாகப் படித்துவிட்டு ஆளுக்கொரு பல்கலைக்கழகத்துக்குப் போன சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த், சார்லஸ் மெரிவேல் என்ற இரண்டு சிநேகிதர்களின் வீம்பில் 1829இல் ஹென்லியில் தொடங்கியது. முதல் வேர்ட்ஸ்வொர்த், கவிஞரின் தம்பி மகன். முதல் வெற்றி ஆக்ஸ்ஃபோர்டுக்கு. லண்டனுக்கு வந்தது 1836இல். 1845இல் மேற்கே நகர்ந்து பட்னியிலிருந்து மார்ட்லேக் வரை என்று ஆனது. சுமார் 6.8 கிலோமீட்டர். ஒரு படகில் எட்டுத் துடுப்பு, சுக்கான் பிடிக்க ஒரு ஆள். 1856இலிருந்து, போர்க்காலமும் 2020உம் தவிர, வருடம் தவறாமல் நடந்தது.

இப்போது அந்தப் பாலத்துக்குத் திரும்புவோம். சங்கிலியில் தொங்குகிறவன் என்ன ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சவனா? அவன் தெருவிலேயே அந்த வாசலை மிதித்தவன் ஒருத்தன் இருந்திருக்க மாட்டான். ஆனாலும் அவனுக்கு ஒரு கட்சி இருந்தது. அடர்நீலம் என்றால் ஆக்ஸ்ஃபோர்டு, வெளிர்நீலம் என்றால் கேம்பிரிட்ஜ். போட்டி நெருங்கும்போது தெருவில் இரண்டு நிற நாடாவும் விற்பார்கள். குதிரை வண்டிக்காரர் சாட்டை நுனியில் கட்டிக்கொள்வார். கசாப்புக்கடைப் பையன் சட்டையில் குத்திக்கொள்வான். அப்பா வெளிர்நீலம் என்றால் பிள்ளையும் வெளிர்நீலம். ஏன் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. பள்ளிக்கூட வாசலில் இதற்காக அடிதடியும் நடக்கும். நம் ஊரில் எம்ஜிஆரா சிவாஜியா என்று முட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1870இல் அந்தப் பாலத்தின் மேல் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் பேர் ஏறி நின்றதாகக் கணக்கு. பாலம் தாங்குமா என்று சொந்தக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 1827இல் கட்டிய பாலம் அது, தேம்ஸின் முதல் தொங்கு பாலம். கடைசியில் அதைப் பிரித்துவிட்டு, லண்டனின் பாதாளச் சாக்கடையை அமைத்த அதே ஜோசஃப் பசால்ஜெட்டின் வடிவமைப்பில் 1887இல் புதுப் பாலம் திறந்தார்கள். பழசைக் கைவிட்டதற்குப் போக்குவரத்துப் பெருகியதும் காரணம்தான். ஆனால் முதல் கிலியைக் கொடுத்தது படகு பார்க்க வந்த கூட்டம்.

அந்தக் கூட்டத்துக்கு ஆறு சொந்தம். ஆற்றைத் தொழிலாகக் கொண்டவர்கள் தேம்ஸ் படகோட்டிகள். பாலங்கள் குறைவாக இருந்த காலத்தில் லண்டனின் டாக்சி அவர்கள்தான். அவர்களுக்கென்று ஒரு பந்தயமும் உண்டு. தாமஸ் டாகெட் என்ற நகைச்சுவை நடிகர் 1715இல் தொடங்கிவைத்தது. பயிற்சி முடித்த இளம் படகோட்டிகள் லண்டன் பாலத்திலிருந்து செல்சி வரை ஓட்ட வேண்டும். ஜெயித்தவனுக்குச் சிவப்புக் கோட்டும் கையில் அணிய வெள்ளி வில்லையும். பல்கலைக்கழகப் போட்டியைவிட 114 வருடம் மூத்தது; இன்றும் நடக்கிறது. கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

பட்னியின் ஃபெல்ப்ஸ் குடும்பம் இந்தத் தொழிலில் பேர்போனது. டாகெட் கோட்டைப் பல முறை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள். 1930இல் டெட் ஃபெல்ப்ஸ் தொழில்முறைத் துடுப்புப் போட்டியில் உலகச் சாம்பியனே ஆனார். ஆனால் ஃபெல்ப்ஸ் என்றதும் போட்டி ரசிகர்களுக்கு வேறொருவர்தான் ஞாபகம் வருவார். ‘நேர்மை’ ஜான் ஃபெல்ப்ஸ்.

1877 மார்ச் 24. காலை எட்டரை மணி வாக்கில் போட்டி. ஆக்ஸ்ஃபோர்டு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. முடிவு நெருங்கும்போது அவர்களுடைய முனைத் துடுப்புக்காரரின் துடுப்பு பழுதாகிவிடுகிறது. கேம்பிரிட்ஜ் எட்டிப் பிடிக்கிறது. கிட்டத்தட்ட ஒன்றாக இரண்டு படகும் கோட்டைத் தாண்டுகின்றன. கோடு என்று சொல்கிறேனே தவிர, அன்று அங்கே கம்பம் எதுவும் கிடையாது. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் எழுபதைத் தாண்டிய ஜான் ஃபெல்ப்ஸ். சுற்றிலும் வேடிக்கை பார்க்க வந்த படகுகள் வேறு. அவர் சமம் என்றார். 24 நிமிடம் 8 நொடி. இந்தப் போட்டியின் வரலாற்றில் சமனில் முடிந்தது அது ஒன்றுதான்.

ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் கொதித்துப் போனார்கள், நாங்கள் சில அடி முன்னால் இருந்தோம் என்று. பிறகு கதைகள் கிளம்பின. கிழவர் குடித்துவிட்டுப் புதருக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தாராம். எழுப்பிக் கேட்டபோது, ரெண்டும் சமம், ஆனா ஆக்ஸ்ஃபோர்டு சில அடி முன்னாடி என்றாராம். நூற்றைம்பது வருடமாக இது சிரிப்புக் கதையாக உலவுகிறது. போட்டியைப் பற்றிய எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இது இருக்கும்.

கொஞ்சம் யோசித்தால் கதை நிற்கவில்லை. அன்றைய அம்பயர் ஜோசஃப் சிட்டி. முன்பு ஆக்ஸ்ஃபோர்டுக்காகத் துடுப்புப் போட்டவர், தொழிலில் வக்கீல், சில ஆண்டுகளில் உயர்நீதிமன்ற நீதிபதியானவர். சாட்சியை எடைபோடுவது அவருக்குப் பிழைப்பு. ஃபெல்ப்ஸின் தீர்ப்பை ஏற்றுக்கொண்டவர் அவர்தான். புதருக்கடியில் தூங்கியவனின் பேச்சைக் கேட்டு, தன் சொந்தப் பல்கலைக்கழகத்தின் வெற்றியை ஒரு வக்கீல் விட்டுக்கொடுப்பாரா? சந்தேகம் இருந்தால் சமம் என்று சொல்வதுதான் நியாயம். அந்த நியாயத்தைத்தான் கிழவர் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. குடிகாரப் படகோட்டி என்ற சித்திரம் அவர்களுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். முடிவிடத்தில் கம்பம் நட்டார்கள். 1878இல் நடுவர் இடத்துக்குக் கேம்பிரிட்ஜில் படித்த ஒருவர் வந்தார். 1879இல் ஹென்லி போட்டிக்காரர்கள் அமெச்சூர் யார் என்று விதி எழுதினார்கள். 1882இல் அமெச்சூர் துடுப்புச் சங்கமும் அதே வழியில் போனது. காசுக்குத் துடுப்புப் போடுகிறவன் ஆகாது என்பதோடு நிற்கவில்லை. தச்சனோ, மெக்கானிக்கோ, கூலியாளோ, உடலுழைப்பால் பிழைக்கிற எவனும் அமெச்சூர் இல்லை என்றது விதி. காரணம், அவனுக்கு ஏற்கெனவே கை காய்த்திருக்குமாம். இந்தத் தர்க்கத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அந்த விதி போக 1930களின் இறுதி ஆயிற்று. அதுவரை படகு கட்டுவது அவர்கள் வேலை, நீரோட்டம் சொல்லித் தருவது அவர்கள் வேலை. படகில் உட்காரும் உரிமை மட்டும் இல்லை.

நீரோட்டம் என்பது இங்கே சாதாரண விஷயமும் இல்லை. இந்தப் போட்டி ஆற்றை எதிர்த்துப் போகிறது, ஆனால் கடலோடு சேர்ந்து போகிறது. கடல் ஏற்றத்தில் தண்ணீர் லண்டனுக்குள் ஏறிவரும் நேரம் பார்த்துத்தான் தொடங்குவார்கள். அதனால் வருடத்துக்கு வருடம் மணி மாறும். ஆழமான நடுப்பகுதியில் ஓட்டம் வேகம். அந்தப் பட்டையைப் பிடிக்கத்தான் இரண்டு சுக்கான்காரர்களும் முட்டிக்கொள்வார்கள். காற்று ஏற்றத்துக்கு எதிராக அடித்தால் அலை எழும்பிப் படகு நிரம்பிவிடும். 1912இல் இரண்டு படகுமே முழுகின. மறுபடி நடத்த வேண்டியதாயிற்று.

படகுகள் போன பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். வானொலியும் டிவியும் காட்டாத பகுதி இது. பட்னி கரையில் விவரம் தெரியாமல் நிறுத்திய கார்களின் சக்கரம் வரை வரும். சிஸ்விக்கின் ஆற்றோரத் தெருவே பெரிய ஏற்றங்களில் முழுகும். உள்ளூர்க்காரர்களுக்கு எந்தப் படியில் நிற்கலாம் என்று தெரியும். வெளியூர்க்காரர்கள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள்.

2019இல் பசால்ஜெட்டின் பாலத்தில் விரிசல் கண்டு மோட்டார் வண்டிகளை நிறுத்தினார்கள், மறுவருடம் நடப்பவர்களையும். 2020இல் கொரோனாவால் போட்டியே இல்லை. 2021இல் தொற்றோடு பாலத்தின் பயமும் சேர்ந்துகொள்ள, போட்டி ஈலி என்ற ஊருக்குப் போனது. கரையில் ஆள் இல்லாமல் நடத்தினார்கள். 2024இல் வேறு பிரச்சினை. ஆற்றில் மலக்கழிவுக் கிருமி அதிகம் என்று சோதனையில் தெரிந்து, ஜெயித்த அணி தன் சுக்கான்காரரைத் தண்ணீரில் தூக்கிப்போடும் வழக்கத்தைத் தவிர்க்கச் சொன்னார்கள். அன்று அது உலகச் செய்தி. அந்தக் கரையிலேயே வருடம் முழுக்கச் சிறுவர் படகுக் கழகங்களும் இறங்குகின்றன. மழை பெய்தால் சாக்கடை ஆற்றில் திறக்கும் என்பது அவர்களுக்குப் பழைய கதை.

கிரீவ்ஸுக்கு 1911இல் திடீர்ப் புகழ் வந்தது. லண்டனில் ஒரு கண்காட்சி, ஊரெல்லாம் பேச்சு. பிறகு விஸ்லரின் சரக்கைத் தன்னுடையது என்கிறார் என்று ஒரு குற்றச்சாட்டு எழ, புகழ் வந்த வேகத்தில் போயிற்று. கடைசிக் காலத்தை ஏழை முதியவர்களைப் பராமரிக்கும் சார்ட்டர்ஹவுஸ் விடுதியில் கழித்து, 1930இல் இறந்தார். அதே வருடம்தான் பட்னிக்கார டெட் ஃபெல்ப்ஸ் உலகச் சாம்பியன் ஆனது.