யார் வீட்டுப் பாட்டு?

போன ஞாயிற்றுக்கிழமை காரில் 'கில்லி' பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின் சீட்டிலிருந்து மகள் கேட்டாள்: "அப்பா, இது 'ஒக்கடு' ரீமேக்தானே? அப்ப பாட்டும் அவங்களோடதா?"

செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவள் காதுக்குத் தமிழ் வந்ததே இந்தப் பாட்டுகள் வழியாகத்தான். அதனால் கேள்வி கொஞ்சம் சுருக்கென்று குத்தியது.

எனக்கும் இந்தக் குழப்பம் இருந்தது. 2004ல் வங்கி வேலைக்காக இங்கே வந்த புதிதில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் சக அலுவலர் ஒருவர் ஒரு மெட்டை முணுமுணுத்தார். "சார், இது எங்க 'அலைபாயுதே' பாட்டு!" என்று துள்ளினேன். அவர் நிதானமாக, "இல்லையே, இது எங்க 'சகி' பாட்டு" என்றார். 2000ல் அவர் கல்லூரியில் கேட்டது அதைத்தான். ஒருத்தருடைய கல்லூரிக் காலத்தைப் போய் டப்பிங் என்று எப்படிச் சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருவோம். பி.காம். படித்தவன் இல்லையா, வரவு செலவு எழுதிப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் புரியும். அந்த வருஷங்களில் பாட்டுகள் மூன்று வழியாகப் போய் வந்தன.

முதல் வழி டப்பிங். ஏ.ஆர்.ரஹ்மானின் 'அலைபாயுதே' 'சகி' ஆனது. ஹாரிஸ் ஜெயராஜின் முதல் படமான 'மின்னலே' (2001) 'செலி' ஆனது. மெட்டு அதே, வார்த்தை மட்டும் புதுசு. உதட்டசைவுக்கும் பொருந்த வேண்டும், கவிதையாகவும் இருக்க வேண்டும். 'சகி'க்கு அதைச் செய்தவர் வேட்டூரி.

இரண்டாவது, கதையோடு மெட்டும் வருவது. தெலுங்கு 'ஜெயம்' (2002) அடுத்த வருஷமே தமிழுக்கு வந்தது. இரண்டுக்கும் இசை ஆர்.பி.பட்நாயக். 'வர்ஷம்' (2004) 'மழை' (2005) ஆனபோது தேவிஸ்ரீபிரசாத்தும் கூடவே வந்தார்.

மூன்றாவது, கதை மட்டும் பயணிப்பது. 'குஷி'க்குத் தமிழில் தேவா (2000), தெலுங்கில் மணிசர்மா (2001). இயக்குநர் இரண்டிலும் எஸ்.ஜே.சூர்யாவே. அதே மணிசர்மா தமிழுக்கு வந்து 'ஷாஜகான்', 'யூத்' என்று விஜய்க்குப் பாட்டுப் போட்டார்.

இவ்வளவு சுலபமாக எப்படி நடந்தது? தெலுங்கு சினிமாவே பல காலம் சென்னையில்தான் குடியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஹைதராபாத்துக்கு மாறியது. நாகேஸ்வரராவ் இங்கே அன்னபூர்ணா ஸ்டுடியோவைத் தொடங்கியது 1976ல். அதற்கப்புறமும் இசைக்காரர்கள் பலர் சென்னையிலேயே இருந்துவிட்டார்கள். தேவிஸ்ரீபிரசாத் படித்தது தி.நகரில், மாண்டலின் ஸ்ரீநிவாஸிடம் பாடம் கேட்டவர்.

இப்போது மகளின் கேள்வி. 'ஒக்கடு' (2003) ஹைதராபாத்திலும் கர்னூலிலும் நடக்கும். 'கில்லி'யில் (2004) அது சென்னையும் மதுரையும் ஆனது. சார்மினார் இருந்த இடத்தில் கலங்கரை விளக்கம் வந்தது. பாட்டும் மாறியது: அங்கே மணிசர்மா, இங்கே வித்யாசாகர். ஆகவே பாட்டு அவங்களோடது இல்லை என்று சொல்லி நான் ஜெயித்திருக்கலாம். ஆனால் வித்யாசாகர் ஆந்திராவின் விஜயநகரம் பக்கத்துக்காரர்! 'கில்லி' வந்த அதே 2004ம் வருஷத்துக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது, 'ஸ்வராபிஷேகம்' என்ற தெலுங்குப் படத்துக்காக. அதே வருஷம் சிறந்த பாடகி விருது 'ஆட்டோகிராஃப்' தமிழ்ப் பாட்டுக்காகச் சித்ராவுக்கு. அவரோ கேரளத்துக்காரர்.

கடைசியில் மகளிடம் சொன்னது இதுதான்: "மெட்டுக்கு ஊர் கிடையாதும்மா. வார்த்தைதான் வீட்டு விலாசம். அதை மட்டும் தொலைச்சிடாதே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அப்ப அந்த ரெண்டாவது சரணத்துக்கு அர்த்தம் சொல்லுங்க" என்றாள். வீடு வந்து சேர்ந்த பிறகும் வண்டியை விட்டு இறங்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி ஏதாவது கேட்டிருப்பார்களே?