யவனர் சாடியும் நுளைமகள் தேறலும்

ஒரு மண்ணின் மதுவுக்கு அம்மண்ணின் உணவே தக்க துணை என்பது பிரெஞ்சு நாட்டுப்புறத்தாரின் நெடுநாளைய கொள்கை. அதை நாம் அயலாரிடம் கற்க வேண்டுவதில்லை. நம் காடாம்புலியூரிலிருந்து பண்ருட்டி வழியாகக் கடலூரை அடைந்து, புதுச்சேரிச் சாலையில் வடக்கே சென்றால் அரியாங்குப்பத்தை ஒட்டி அரிக்கமேடு இருக்கிறது. அதற்கும் வடக்கே விரியும் கடற்கரையில் இக்கொள்கையை நம் புலவர் ஒருவர் பாட்டாகவே வைத்துப் போயிருக்கிறார்.

முதலில் அரிக்கமேட்டைக் காண்போம். 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழ்ந்தனர். ஆம்போரா எனப்படும் இரு கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், ஏஜியன் கடலிலுள்ள கோஸ் தீவின் மதுச்சாடி வகையே மிகுதி என்று கண்டார். கோஸ் மது கடல்நீர் கலந்து செய்யப்படுவது; கி.மு. 2ஆம் நூற்றாண்டில் உரோமானியரான கேட்டோ அதன் செய்முறையை எழுதியிருக்கிறார். உயர்குடியினர் போற்றிய அரிய மது அன்று அது. பலரும் பருகிய சாதாரண மது.

அதே யவன மது கடல் கடந்ததும் அரும்பொருளாகிவிடுகிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் நற்கலத்தில் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளுஸ், முசிறியில் இறங்கிய பொருள்களுள் மதுவைக் குறிக்கும்போது அது மிகுதியாக இல்லை என்கிறது. அரசர்க்கே உரிய அருமை அதற்கு வாய்த்ததில் வியப்பில்லை.

ஏனையோர் எதைப் பருகினர்? இதற்கு விடை தருவது சிறுபாணாற்றுப்படை. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பாணரை ஆற்றுப்படுத்தும் நத்தத்தனார், வழியெங்கும் கிடைக்கும் உணவைச் சொல்லிக்கொண்டே போகிறார். மரக்காணம் என்று அறிஞர் கருதும் எயிற்பட்டினத்தில், உறங்கும் ஒட்டகங்கள் போல் அலை ஒதுக்கிய மணமுள்ள மரங்களை விறகாக்கி நுளைமகள் தேறல் ஆக்குகிறாள். அதற்குத் துணை சுட்ட உலர்ந்த குழல்மீன். வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூடும்; ஆமூரில் வெண்சோறும் நண்டும். அரண்மனையை அடைந்தபின் சீறும் பாம்பைப் போன்ற கடுந்தேறல். தொடர்ந்து வீமனின் மடைநூல் வழுவாத அடிசில். நெய்தலுக்கு ஒன்று, முல்லைக்கு ஒன்று, மருதத்துக்கு ஒன்று என நிலமே உணவை வகுத்துவிடுகிறது.

செய்முறை வேண்டுவோர் பெரும்பாணாற்றுப்படையைக் காணலாம். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி ஆற்றி, முளையிட்ட நெல்லின் மாவென்று உரைகாரர் கூறும் நல்லடையைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் கழித்து, சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிவர். இதற்கும் துணை சுட்ட மீன்தான்.

இவ்வடிகளை வகுப்பறையில் நாமே பலமுறை விரைந்து கடந்திருக்கிறோம். 'ஒருவகைப் பானம்' என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குத் தாவியதுண்டு. மாணவர் முன் கள்ளைப் பேசுவதில் கூச்சம். அவர்களும் கேட்டதில்லை. யவனச் சாடியைப் பற்றி மட்டும் பெருமிதத்தோடு ஒரு மணிநேரம் பேசினோம். இரண்டும் மதுவே, ஒன்று கடல் கடந்து வந்தது, மற்றொன்று நம் பாட்டிமார் காய்ச்சியது. அவ்வளவே வேறுபாடு.

குடியைப் போற்றுதல் நம் நோக்கமன்று. ஒரு தொழிலறிவை இழக்கலாகாது என்பதே கவலை. யவனர் சாடி உடைந்தபோது ஓடு எஞ்சியது. அதை எண்ணி, வகைப்படுத்தி, அருங்காட்சியகத்தில் வைத்தோம். நுளைமகள் தன் தேறலை வடித்த கலத்தின் ஓடு கிடைத்தாலும், அதை அவளுடையது என்று அடையாளம் காட்ட எதுவுமில்லை. அவளுக்குள்ள சான்று பாட்டின் சில அடிகளே. அவற்றையும் கூச்சத்தால் தாண்டிவிட்டால், இக்கரையின் மதுவைப் பற்றி உரோமானியர் ஓடு ஒன்றே பேசும். நம் வாய் மூடியிருக்கும்.