இசைவே அமைதியின் அடித்தளம்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள கும்மிடிப்பூண்டி, சிப்காட் தொழிற்பேட்டையால் அறியப்படும் ஊர். ஆலைகள் நிறைந்த அவ்வூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் உண்டு. கடலுக்கு அப்பால் மேற்கொள்ளப்பட்ட அமைதி முயற்சிகள் நிலைக்காமற் போனதற்கு அம்முகாம் ஒரு சான்று.

போரிடும் தரப்புகளுக்கிடையே பிறநாட்டார் காவல் நிற்கும் முறையை ஐக்கிய நாடுகள் அவை 1948இல் தொடங்கியது. ஆயுதம் தாங்கிய முதல் அமைதிப்படை 1956இல் சூயஸ் நெருக்கடியின்போது அனுப்பப்பட்டது. இந்திய வீரர்களும் அதில் பணியாற்றினர். அப்பணிக்குரிய நெறிகள் மூன்று: தரப்புகளின் இசைவு, நடுநிலை, தற்காப்புக்கும் ஏற்ற பணியைக் காப்பதற்குமன்றிப் படைவலிமையைக் கையாளாமை.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதி காக்கும் படை இலங்கை சென்றது. போராளிகளின் ஆயுத ஒப்படைப்பும், தமிழ்நாட்டிலிருந்த ஏதிலியர் தாயகம் திரும்புதலும் அவ்வொப்பந்தத்தின் கூறுகள். ஆனால் களத்தில் ஆயுதம் ஏந்தி நின்ற விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. அக்டோபரில் மோதல் மூண்டது. அமைதி காக்கச் சென்ற படையே ஒரு தரப்பாயிற்று. யாழ்ப்பாணத்துப் பொதுமக்கள் பலர் மாண்டனர். 1990 மார்ச்சில் படை திரும்புவதற்குள் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிர்நீத்தனர். அவ்வாண்டு ஜூனில் மீண்டும் போர் வெடிக்க, ஏதிலியர் மறுபடியும் இராமேசுவரம் கரைக்கு வந்தனர்.

2002 பிப்ரவரியில் நார்வேயின் முயற்சியால் ஏற்பட்ட போர்நிறுத்தத்தில் இலங்கை அரசும் புலிகளும் கையெழுத்திட்டனர். ஐந்து நோர்டிக் நாடுகளின் கண்காணிப்பாளர் ஆயுதமின்றிப் பணியாற்றினர். படையால் இயலாததை இருதரப்பின் இசைவு சில ஆண்டுகள் இயல்வித்தது. அவ்விசைவு தளர்ந்தபோது, மீறல்களைப் பதிவு செய்ய முடிந்ததேயன்றித் தடுக்க முடியவில்லை. 2008 ஜனவரியில் உடன்படிக்கை முடிவுற்றது. 2009 மே மாதம் பேரழிவுடன் போர் முடிந்தது.

கையெழுத்து ஒருநாட் செயல். இசைவோ நாள்தோறும் பேணப்பட வேண்டியது. இவ்வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே. தமிழ்நாட்டு முகாம்கள் 2021இல் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றம் பெற்றன. சிலர் தாயகம் திரும்பினர். எஞ்சியோரின் பிள்ளைகள் இலங்கையைக் காணாமலே இங்குப் பிறந்து வளர்ந்துள்ளனர். ஏதிலியர் திரும்புவர் என்று 1987இல் எழுதப்பட்ட கூறு, கும்மிடிப்பூண்டியில் இன்னும் நிறைவேறாமல் நிற்கிறது.